தென்புலத்தார் திருநாளும் இளஞ்சிறாரும்

இல்லறத்தான் நாள்தோறும் ஓம்ப வேண்டியவர்களை ஐவகையாக வகுத்துரைத்த திருவள்ளுவர், அவர்களுள் தென்புலத்தாரை முதற்கண் வைத்தார். தெய்வத்தையும் அதற்கு அடுத்தபடியாகவே வைத்தார். தென்புலத்தார் என்பார் பிதிரர் எனவும், அவர்க்கு இடம் தென்திசை ஆதலின் அப்பெயர் பெற்றனர் எனவும் பரிமேலழகர் உரை கூறும். உலக வழக்கில் அச்சொல் நம் குடியில் வாழ்ந்து மறைந்த மூத்தோரையே குறிக்கும். இக்கடனை இல்வாழ்க்கை என்னும் அதிகாரத்தில் விதித்த ஆசிரியர், இரண்டு அதிகாரங்கள் கழித்து மக்கட்பேற்றைப் பேசுகின்றார். கடனை முன்னே சொல்லி, அதனை ஏற்று நடத்தப் போகின்ற குழவியைப் பின்னே காட்டிய முறை நோக்கத்தக்கது.

சங்க காலத்திலும் இவ்வெண்ணம் வேரூன்றி நின்றது. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், போர் தொடங்குமுன் அரணடைய வேண்டியவர் இன்னின்னார் என்று அம்மன்னன் அறிவித்த அறநெறியைப் புறநானூற்றில் போற்றுகின்றார். பசுவும் அந்தணரும் பெண்டிரும் பிணியுடையாரும் அவ்வரிசையில் வருவர். அவர்களோடு, தென்புல வாழ்நர்க்குரிய கடனைச் செய்யும் புதல்வரை இன்னும் பெறாதவர்களும் வருகின்றனர். முன்னோரை நினைப்பதற்கு ஒரு பிள்ளை வேண்டும்; அப்பிள்ளை பிறக்கும் வரையிலேனும் அம்மனிதன் உயிரோடிருக்க வேண்டும் என்று பகையரசனே கருதினான் என்றால், அக்கடன் எத்துணைப் பெரிதாக மதிக்கப்பட்டது என்பது விளங்கும்.

இத்துணைச் சிறந்த கடனை இளம்பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்வது எங்ஙனம்? பெற்றோர் பலர் இங்கே தயங்குகின்றனர். சாவு என்ற சொல்லைக் குழந்தையின் செவியில் போடலாகாது என்பது அன்பினால் எழுந்த அச்சம். இழவு வீட்டிலிருந்து சிறுவரை அகற்றி அயல்வீட்டில் உறங்கச் செய்வது இன்றும் உள்ள வழக்கமே. அதில் பிழை காண்பதற்கில்லை. ஆனால் இழவு வேறு, நினைவு வேறு. துக்கத்தின் பத்து நாட்களுக்கு உரியது ஒரு முறை; ஆண்டுதோறும் வரும் நன்னாளுக்கு உரியது மற்றொரு முறை. முன்னதில் வீடு விளக்கிழந்து கிடக்கும். பின்னதில் இலை நிறையப் படையல் உண்டு, விருந்து உண்டு, ஊர்கூடித் தீர்த்தமாடுதல் உண்டு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிப் பிள்ளைகளை இரண்டிலிருந்தும் விலக்கி வைப்பவர்கள், அவர்களுக்கு உரியதொரு திருநாளை அவர்களிடமிருந்து பறித்தவர்களாகின்றனர். நம் முன்னோர் அவ்வாறு செய்யவில்லை. அவர்கள் மூத்தோர் நினைவைச் சிறுவர் நின்று காணத்தக்க இடத்தில், காணத்தக்க வடிவில் நிறுத்தினார்கள். அவ்விடங்களுள் தலையாயது திருக்கோயில்.

கோயில்கள் கற்றளிகளாக எழுவதற்கு முன்பே ஊர்ப்புறத்தில் நடுகற்கள் எழுந்தன. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என அதன் முறைகளைத் தொல்காப்பியம் நிரல்படக் கூறும். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள், இவ்வழக்கம் இலக்கியக் கற்பனை அன்று என்பதை மெய்ப்பித்தன. செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் மிகுதி. அவற்றின் கல்வெட்டுகளைத் தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் நூலாக வெளியிட்டது. அப்பகுதியிலும் அதனை அடுத்துள்ள நிலங்களிலும் ஊர்மக்கள் அக்கற்களை வேடியப்பன் என்று பெயரிட்டு வழிபடுகின்றனர். பொங்கல் வைக்கும் நாளில் கல்லைச் சுற்றி நிற்கும் சிறுவர்க்கு, வில்லேந்திய அவ்வுருவம் ஒரு காலத்தில் நிரை மீட்கச் சென்று வீழ்ந்த ஊர்க்காரர் ஒருவருடையது என்று எவரும் பாடம் நடத்துவதில்லை; கும்பிடு என்று மட்டுமே சொல்லுகின்றனர். கும்பிட்டு வளர்ந்த பிள்ளை பின்னர்க் கதையைக் கேட்டு அறிகின்றது.

அவற்றுள் எடுத்தனூர் நடுகல் ஒன்று சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. வீரன் உருவத்தின் அருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்றது என்றும் கல்லிலேயே பொறித்துள்ளனர். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நாயின் பெயரை இன்றும் அறிய முடிகின்றது. குழந்தைக்கு நீத்தார் பெருமையைச் சொல்லப் புகுவார் மன்னர் மெய்க்கீர்த்தியிலிருந்து தொடங்குவதினும் கோவிவனிலிருந்து தொடங்கினால் குழந்தை கூடுதலாகக் கேட்கும்.

அந்நடுகல் நாட்டிலேயே திருவண்ணாமலை விளங்குகின்றது. கார்த்திகைத் தீபத்தால் அத்தலத்தை அறியாதார் இலர். ஆயினும் அங்கே ஆண்டுதோறும் தையிலும் மாசியிலும் நடைபெறும் மற்றொரு விழாவைப் பிற ஊர் அன்பர்களுள் பலர் அறியார். அது வல்லாள மகாராசருக்கு அண்ணாமலையார் நீர்க்கடன் செய்யும் விழா.

வல்லாளன் என்று புராணம் கூறும் மன்னன், போசள மரபின் மூன்றாம் வீரவல்லாளன். மாலிக் காபூரின் படை 1311இல் துவாரசமுத்திரத்தைத் தாக்கியபோது அதன் அரசனாக இருந்தவன் இவனே. 1327இல் அந்நகர் மீண்டும் அழிவுற்றது. அதன்பின் திருவண்ணாமலையைத் தன் இருப்பிடங்களுள் ஒன்றாகக் கொண்டு, உண்ணாமலைப் பட்டணம் என்ற பெயரோடு அதனைத் தன் சாசனங்களில் குறித்தான். கோயிலில் வல்லாளன் கோபுரம் இன்றும் அவன் பெயரால் நிற்கின்றது. அதில் அவன் உருவமும் உண்டு. மதுரையில் அப்போது சுல்தான்கள் ஆண்டனர். அவர்களை எதிர்த்து முதுமையிலும் போர்க்களம் புகுந்த அம்மன்னன், கண்ணனூர் முற்றுகையின் முடிவில் சிறைப்பட்டு 1342 அளவில் கொல்லப்பட்டான். அவ்வாண்டுகளில் மதுரைக்கு வந்திருந்த இபுன் பதூதா என்னும் மொராக்கோ நாட்டுப் பயணி, அவனுக்கு எண்பது வயது என்றும், கொன்றபின் அவன் உடலுக்கு இழைக்கப்பட்ட சிறுமை இன்னதென்றும் நேரிற் கண்டவராகவே எழுதி வைத்துள்ளார். அதனை ஈண்டு விரித்துரைத்தல் பொருந்தாது.

புராணம் உரைக்கும் கதை வேறு. எல்லப்ப நாவலர் இயற்றிய அருணாசல புராணத்திலும் தலத்தின் செவிவழி வழக்கிலும் அது பயில்கின்றது. வல்லாளனுக்கு மல்லம்மை, சல்லம்மை என்னும் தேவியர் இருவர், மகப்பேறு இல்லை. கேட்டது எதுவாயினும் இல்லை என்னாத கொடையை அவன் நோன்பாகக் கொண்டான். இறைவன் அடியார் வேடத்தில் வந்து அக்கொடையின் எல்லையைச் சோதித்தான். சோதனையின் முடிவில் இளைய தேவி அவ்வடியாரைத் தீண்டிய அளவில், அவர் கைக்குழந்தையாக மாறி அழுதார். அரசனும் தேவியரும் அக்குழந்தையை எடுத்து மகிழ்ந்த சிறுபொழுதில் அது மறைந்தது. மகனாக வந்ததனால் மகன் செய்ய வேண்டிய கடனை யாமே செய்வோம் என்று இறைவன் வாக்களித்தான்.

ஆராய்ச்சியாளர் இங்கே ஒரு முரணைச் சுட்டுவர். மூன்றாம் வல்லாளனுக்கு விருபாட்ச வல்லாளன் என்னும் மகன் உண்டு. தந்தைக்குப் பின் அவனே முடிசூடினான். அங்ஙனமாயின் மகவில்லை என்ற கதை பொய்யோ? அம்மகனும் நெடுநாள் ஆளவில்லை. 1346 அளவில் போசளர் ஆட்சியே முடிவுற்றது, விசயநகரம் எழுந்தது. மலைக்கோட்டை இல்லை, அரண்மனை இல்லை, ஆண்டுக்கொருமுறை எள்ளும் நீரும் இறைக்க அரச குலத்தார் ஒருவரும் இல்லை. வல்லாளனுக்கு வழிவழிச் செய்வார் இல்லை என்பது வரலாற்றாலேயே உண்மையாயிற்று. வெறுமையான அவ்விடத்தில் கோயில் இறைவனை நிறுத்திற்று. புராணத்தையும் கல்வெட்டையும் அடித்து ஒன்றாக்க முயல்வதை விட, இரண்டும் எந்த இழப்பைச் சுற்றி நிற்கின்றன என்று நோக்குதல் நன்று.

விழா நிகழும் முறையை நோக்கினால், சிறுவர்க்கு அது எத்துணை எளிதாக விளங்கும் என்பது தெரியும். தைப்பூச நாளில் அண்ணாமலையார் மேளதாளங்களோடு ஈசானிய குளத்துக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கண்டருளுவார். அவ்விடத்தில் வல்லாளன் போரில் மடிந்த செய்தி இறைவனுக்கு அறிவிக்கப்படும். திரும்பும்போது மேளம் ஒலிப்பதில்லை. போகும்போது நாதசுரமும் தவிலும் முழங்க ஆடிக்கொண்டே சென்ற அதே திருமேனி, அதே வீதி வழியே ஓசையின்றித் திரும்புகின்றது. தந்தையின் தோள்மேல் அமர்ந்து காணும் நான்கு வயதுக் குழந்தையும் உடனே கேட்கும்: மேளம் ஏன் நின்றுவிட்டது? சாமிக்கு அவர் அப்பா இறந்துபோனார் என்ற சேதி வந்துவிட்டது என்று விடை கூறுவர். அவ்வளவே. ஒரு மனிதன் கொடிய முறையில் கொல்லப்பட்ட செய்தியைக் கோயில் குழந்தைக்குச் சொல்லும் மொழி அதுதான்: மேளம் நிற்றல். குருதி பற்றிய சொல் ஒன்றும் அதில் இல்லை. பொய்யும் ஒன்றும் இல்லை.

ஏறத்தாழ ஒரு திங்கள் கழித்து மாசி மகம் வருகின்றது. அன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு ஊரை அடுத்துள்ள கௌதம நதிக்கரைக்கு எழுந்தருளுவார். அங்கே மகன் முறையில் வல்லாளனுக்குத் திதி கொடுக்கும் சடங்கு நிறைவேறும். சுற்றுவட்டார மக்கள் திரளாகக் கூடித் தத்தம் மூத்தோர்க்கும் அன்று அங்கேயே நீர்க்கடன் செய்வர். ஆற்றங்கரை முழுவதும் கடைகளும் கூட்டமுமாக விழாக்கோலம் கொண்டிருக்கும். வல்லாளனுக்கு உரிமை மகனாக இறைவன் முடிசூடும் சடங்கும் இவ்விழாவைச் சார்ந்தது. மேளம் மீண்டும் ஒலிக்கும். தையில் நின்ற ஓசை மாசியில் திரும்பக் கேட்பதற்குள் ஒரு மாதம் கழிந்துவிடுகின்றது. துயரம் தணிவதற்கு நாள் வேண்டும் என்பதைக் குழந்தை நாட்காட்டியிலேயே காண்கின்றது. உலகுக்கெல்லாம் தந்தையென நிற்பவன் ஓர் ஊரில், ஒரு நாளில், மகனாகி எள்ளும் தருப்பையும் ஏற்கின்றான் என்னும் காட்சியை வேறெந்த நூலும் இத்துணை எளிதாகக் கற்பிக்க இயலாது.

வைணவத் திருப்பதி ஒன்றிலும் இதற்கு ஒப்பானதொரு மரபு உண்டு. குடந்தை சாரங்கபாணி கோயிலின் பதினொரு நிலை இராசகோபுரத்தை எழுப்பிய இலட்சுமி நாராயணசாமி என்னும் அடியவர் மனைவி மக்கள் இன்றி வாழ்ந்து ஐப்பசி அமாவாசையில் மறைந்தார் என்பர். தீபாவளியை ஒட்டிய அந்நாளில் பெருமாளே அவருக்குத் திதி செய்தருளும் வழக்கம் இன்றும் அங்கே நிலவுகின்றது. புத்தாடை உடுத்து வெடி கொளுத்தும் சிறுவர் கூட்டம் ஊரெங்கும் திரியும் நாளிலேயே இது நிகழ்கின்றது என்பது எண்ணத்தக்கது. கோபுரத்துக்குப் பொருள் ஈந்தவனுக்கு மகன் இல்லையே என்று எவரும் வருந்த வேண்டா என்பதையும் அம்மரபு சொல்லாமற் சொல்லுகின்றது.

இறைவன் மகனாக நின்ற கதைகள் இவை. பெற்றோரை இழந்த மக்களே கோயிலில் அவர்களை நிலைநிறுத்திய வரலாறும் உண்டு. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராசன் பெற்ற புகழுக்குப் பக்கத்தில் அவன் தமக்கை குந்தவையாரின் பெயரும் கல்லில் பொறித்திருக்கக் காணலாம். அப்பெருமாட்டி எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளுள் இரண்டு, தெய்வத் திருமேனிகள் அல்ல. ஒன்று பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்று குறிக்கப்படும் தம் தந்தை சுந்தர சோழருடையது. மற்றொன்று தம் தாயாருடையது.

அத்தாயார் வானவன் மாதேவி. கணவன் மறைந்தபோது அவர் உடன்கட்டை ஏறினார் என்பதைத் திருவாலங்காட்டுச் செப்பேடும் திருக்கோவலூர்க் கல்வெட்டும் கூறும். பால் மறவாத மகவை விட்டுப் பிரிந்து அவர் எரி புகுந்தார் என்று திருக்கோவலூர்க் கல் உருகி உரைக்கின்றது. அவ்வழக்கத்தை இன்று எவரும் போற்றார், போற்றவும் ஆகாது. ஆனால் அக்கல்லின் சொற்களுக்குப் பின்னே தாயற்ற குழந்தை ஒன்று நிற்கின்றது என்பதை மறத்தல் இயலாது. ஆண்டுகள் பல கழிந்தபின், உலகம் வியக்கும் விமானம் எழுந்த காலையில், பெற்ற தாயின் உருவத்தைச் செம்பில் வார்ப்பித்து அக்கோயிலுக்குள் கொண்டு வந்தார் அவ்வம்மையின் மகள். அரண்மனையில் வைத்துத் தனியே அழவில்லை. ஊரார் வந்து தொழும் இடத்தில், விளக்கொளியில், விழா நாளில் காணும்படி வைத்தார். தாயின் முகத்தை அறியாத இளையவர்க்கு அது இன்னார் உருவம் என்று காட்டுவதற்கு வேறு வழி அக்காலத்தில் ஏது?

அக்குடியின் மூதாட்டி செம்பியன் மாதேவியார் அதற்கும் முன்னரே வழி காட்டியிருந்தார். கணவர் கண்டராதித்தரை இழந்தபோது அவருடைய மகன் உத்தம சோழன் இளம்பிள்ளை. பின்னாளில் திருநல்லம் என்னும் கோனேரிராசபுரத்துக் கோயிலைக் கற்றளியாக்கி, கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் கோலத்தை அங்கே சிற்பமாகச் செதுக்குவித்தார். மகன் தந்தையைக் காண வேண்டுமாயின் கோயிலுக்குச் சென்றால் போதும். தந்தை அங்கே கைகூப்பிய வண்ணம் இருக்கின்றார்.

சைவப் பெருமக்கள் கொண்டாடும் குருபூசைகளை இங்கே நினைவு கூர்தல் தகும். அவை நாயன்மார் பிறந்த நாட்கள் அல்ல. இறைவனடி சேர்ந்த நாட்கள். அப்பர் பெருமானுக்குச் சித்திரைச் சதயம், ஞானசம்பந்தருக்கு வைகாசி மூலம், மணிவாசகருக்கு ஆனி மகம், சுந்தரருக்கு ஆடிச் சுவாதி. மறைந்த நாளைத் துக்க நாளாக்காமல் மாகேசுர பூசையாகவும் அன்னதானமாகவும் ஆக்கிய நெறி இது. காரைக்காலில் அம்மையாரின் மாங்கனித் திருவிழா நாளன்று வீட்டு மாடிகளிலிருந்து இறைக்கப்படும் மாங்கனிகளைப் பிடிக்க ஓடும் சிறுவர், தாம் ஒரு பேரடியாரின் நினைவு விழாவில் இருப்பதை அறிந்தே ஓடுகின்றனர்.

மயிலையின் பூம்பாவை வரலாறு இன்னும் நுட்பமானது. ஏழு வயதில் அரவம் தீண்டி இறந்த சிறுமி அவள். எலும்பும் சாம்பலுமாகக் குடத்தில் இருந்த அவளை நோக்கித் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம், மயிலைக் கோயிலின் திருவிழாக்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, இவற்றைக் காணாமலே போகின்றாயோ என்று வினவுகின்றது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என அது விரிந்து செல்லும். குழந்தைக்கு உயிரின் அருமையைச் சொல்ல வந்த ஞானக்குழந்தை, தத்துவம் பேசவில்லை, திருவிழாவைக் காட்டிற்று. பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் உலா வரும் நாளில், பூம்பாவையை எழுப்பிய அந்நிகழ்ச்சி கபாலீச்சரத்தில் ஆண்டுதோறும் நடித்துக் காட்டப்படுகின்றது. அன்று அங்கே கூடும் சிறுமியர்க்கு, தம் வயதுடைய ஒருத்தியே அக்கதையின் தலைவி.

கோயிலில் பெற்ற அறிமுகம் வீட்டில் தொடர வேண்டும். இல்லங்களில் வழங்கும் முறைகள் குலத்துக்குக் குலம் வேறுபடும். எனினும் பலவற்றில் சிறுவர்க்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கக் காணலாம். சுமங்கலிப் பிரார்த்தனையில் மங்கலப் பெண்டிரோடு கன்னிச் சிறுமியையும் அமர்த்தி எண்ணெயும் புத்தாடையும் ஈந்து இலையிட்டு உண்பிப்பர். மறைந்த மூதாட்டிக்கென ஓர் இலை ஆளின்றி விரிந்திருக்கும். அவ்விலைக்கு அருகே அமர்ந்து உண்ணும் சிறுமி அச்சம் கொள்வதில்லை. தொண்டைநாட்டுப் பக்கங்களில் திருமணத்துக்கு முன்னர்ப் பூவாடைக்காரியை நீர்த்துறையிலிருந்து மேளத்தோடு அழைத்து வருவர். வீட்டில் மறைந்த மங்கையே மணவிழாவுக்கு முதல் விருந்தினளாக வருகின்றாள் என்பது கருத்து. நகரத்தார் இல்லங்களில் முன்னோர்க்குப் படைப்பு நிகழும்போது புத்தாடைகளைப் பேழையில் வைத்து வழிபடுவர். பங்காளிகள் தம் பிள்ளைகளோடு ஒரே வீட்டில் கூடுவர்.

மகாளய பட்சத்தில் சொல்லப்படும் கன்னன் கதையைப் பாட்டிமார் அனைவரும் அறிவர். பொன்னை வாரி வழங்கிய கன்னனுக்கு மேலுலகில் உண்ணப் பொன்னே கிடைத்ததாம். சோறு கொடுக்கவில்லையே, முன்னோர்க்கு ஒரு பிடி படைக்கவில்லையே என்று உணர்ந்து, பதினைந்து நாள் தவணை பெற்று மண்ணுலகுக்குத் திரும்பி அன்னமிட்டு வந்தானாம். பொன் தின்ன முடியுமா என்று பேரன் சிரிப்பான். சிரிக்கட்டும். கதை உள்ளே சென்று தங்குவதற்குச் சிரிப்பு நல்ல வாயில்.

ஈழத்துச் சைவர்களிடம் இம்மரபு தெளிவாக இரண்டு நாட்களாக வகுக்கப்பட்டுள்ளது. தந்தையை இழந்தோர் ஆடி அமாவாசையிலும், தாயை இழந்தோர் சித்திரைப் பௌர்ணமியிலும் விரதம் காப்பர். ஆடி அமாவாசையன்று கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி, வீடு திரும்பிப் படையலிட்டு உண்ணும் உணவில் யாழ்ப்பாணத்தார் காத்தோட்டிக்காய்க் கறியைத் தவறாது சேர்ப்பர். கசப்பான அக்காய் பிள்ளைகளுக்கு இனிக்காது. ஆனாலும் ஒரு துண்டேனும் வாயில் இட்டாக வேண்டும். பெரியவர்களாகிக் கடல் கடந்து சென்றபின்னும் அக்கசப்பு அவர்களுக்குத் தகப்பனாரை நினைவூட்டும். சித்திரைப் பௌர்ணமியிலோ கோயிலில் சித்திரபுத்திரனார் கதை படிக்கப்படும். பெரிய கிடாரங்களில் கஞ்சி காய்ச்சி வருவோர்க்கெல்லாம் வார்ப்பர். ஏனம் ஏந்தி முதல் வரிசையில் நிற்பவர் சிறுவரே.

நூல்வழி நோக்கினால், தந்தை உயிரோடிருக்கும் பிள்ளைக்கு எள்ளும் நீரும் இறைக்கும் உரிமை இல்லை. இதனைக் காரணமாகக் காட்டி, அமாவாசை நாளில் பிள்ளைகளை அப்புறம் போய் விளையாடு என்று துரத்துவோர் உண்டு. அது முறையன்று. உரிமை இல்லாதது நீர் இறைப்பதற்கே. அருகிருந்து கேட்பதற்கு அன்று. தர்ப்பணம் செய்கின்றவர் தம் தந்தை, பாட்டன், முப்பாட்டன் ஆகிய மூவரை வசு, உருத்திர, ஆதித்திய வடிவினராக நினைந்து பெயர் சொல்லுகின்றார். அங்ஙனமே தாய்வழி முன்னோரையும் சொல்லுகின்றார். அப்பெயர்களை அக்குடும்பத்தில் வேறெந்த நாளில் எவர் உரக்கச் சொல்லுகின்றனர்? நகரங்களுக்குக் குடிபெயர்ந்த வீடுகளில், பாட்டனுக்கு மேற்பட்ட பெயர் ஒன்றும் தெரியாத பட்டதாரிகள் பலர். அவர்கள் அறிவில் குறைந்தவர் அல்லர். அப்பெயர்கள் உச்சரிக்கப்பட்ட வேளையில் அவர்கள் வேறோர் அறைக்கு அனுப்பப்பட்டிருந்தனர்.

அருகில் அமர்ந்த பிள்ளைக்குச் செய்வதற்கும் ஏதேனும் ஒன்று வேண்டும். வெறுங்கையோடு அமர்ந்திருக்கக் குழந்தையால் இயலாது. பூப்பறித்து வரலாம். வாழையிலையைக் கழுவித் துடைக்கலாம். யாவற்றினும் மேலாக, காக்கைக்குச் சோறு வைத்து அழைக்கலாம். காக்கையை அழைக்கும் குரல் பெரியவர்களிடம் எப்போதும் சற்றுத் தளர்ந்தே ஒலிக்கும். குழந்தை அழைத்தால்தான் தெருவே கேட்கும். தாத்தாவுக்குப் பிடித்த பலகாரம் எது என்று கேட்டறிந்து அதனை அன்று செய்தால், முகம் காணாத தாத்தாவும் அதிரசத்தின் வழியாகவோ உளுந்து வடையின் வழியாகவோ பேரனுக்கு அறிமுகம் ஆகிவிடுவார். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். அப்பெயர் யாருடையது என்று அவனுக்குச் சொல்லாமல் விடுதல், ஒருவனிடம் முத்திரையிட்ட ஓலையைக் கொடுத்துப் படிக்கலாகாது என்பது போலாகும்.

குடமுழுக்கு நாளில் கோயிலுக்குக் குழந்தைகளை அழைத்து வருவோர் மிகப் பலர். பன்னீராண்டுக்கு ஒருமுறை வரும் அந்நாளில் தந்தையின் தோளிலிருந்து கலசத்தைக் கண்ட பிள்ளை, அடுத்த குடமுழுக்கில் தன் காலில் நின்று காண்பான். அதற்கும் அடுத்ததில் தன் மகனைத் தோளேற்றுவான். அன்று யாகசாலையையும் விமானத்தையும் காட்டிய பின்னர், பழங்கோயிலாயின் திருச்சுற்றின் அடிச்சுவரையும் அவர்களுக்குக் காட்டலாம். அதில் உள்ள எழுத்துகளுள் பெரும்பாலானவை கொடையாளர் பெயர்களே. இறந்துபட்டவர் ஒருவரின் நன்மைக்காக உறவினர் வைத்த நந்தா விளக்குகள் அவற்றுள் உண்டு. தற்செயலாக ஒருவன் உயிரிழக்கக் காரணமானவன் அவனுக்காக எரித்த விளக்கும் உண்டு.

சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடுத்தனர். அவற்றைக் கல்வெட்டுகள் சாவா மூவாப் பேராடு என்று குறிக்கும். சாகாத ஆடும் மூப்படையாத ஆடும் உலகில் உண்டோ என்று பிள்ளைகள் கேட்பர். மந்தையை ஏற்ற இடையர், கிழடாகி இறந்தவற்றுக்கு ஈடாகப் பிறந்த குட்டிகளைச் சேர்த்து, எண்ணிக்கை தொண்ணூற்றாறினின்று குறையாமல் காத்து வந்தனர்; விளக்குக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்தனர்.